இடக்கை முடிச்சு

பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ், அப்புறம்தான் பிளஸ் என்று அந்த விமானக் கொட்டகைச் சுவரில் முழ உயரச் சிவப்பு எழுத்தில் எழுதிவைத்தவர் வெண்டல் ஸ்டோல்ட்ஸ். அந்தச் சனிக்கிழமை காலை, அந்த எழுத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, முதலில் பிளஸ்ஸில் ஸ்பேனரை மாட்டியவரும் அவரேதான். ஸ்பேனரின் மறுமுனை விமானத்தின் இரும்புச் சட்டத்தைத் தொட்டது. படீரென்று ஒரு சத்தம், கண்ணைப் பறிக்கும் நீல வெளிச்சம். கண்ணைத் திறந்து பார்த்தால், ஸ்பேனர் சட்டத்தோடு உருகி ஒட்டிக்கொண்டு, அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல் நின்றது.

லோர்னா கெஸ்லர் ஓடி வந்தாள். விமானம் அவளுடையது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி, மிச்ச நேரத்தில் ஒன்பது வருடமாக அவளே கட்டியது. அடுத்த சனிக்கிழமை அதன் முதல் பறப்பு.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"புருவம் போச்சு. எழுபத்தஞ்சு வயசுல அதை வச்சு யாரை மயக்கப்போறேன்."

வாயில் பாதி டோனட்டோடு டுவேனும் வந்து எட்டிப் பார்த்தான். "சுவத்துல எழுதினவருக்குப் படிக்கத் தெரியாதோ?"

"நீ பேசாதடா, தரைப் பைலட்டு."

அந்தப் பட்டம் வெண்டல் வைத்ததுதான். டுவேனின் மஞ்சள் விமானம் தரையை விட்டுக் கிளம்பி ஆறு வருடமாகிறது. காதில் ஏதோ கோளாறு, மேலே போனால் தலை சுற்றுகிறது என்பான். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வந்து அதன் இறக்கைகளைத் துடைத்துவிட்டுப் போவான். குதிரையைக் குளிப்பாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறவன் என்று வெண்டல் கிண்டலடிக்காத வாரமில்லை. டுவேனும் சிரிக்காத வாரமில்லை.

வெண்டலுக்குச் சொந்த விமானம் கிடையாது. தொடங்கிய ஒன்றை மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகப் பாதியில் விற்றார். அதற்குப் பிறகு, நெப்ராஸ்கா சோளக்காட்டுக்கு நடுவிலிருந்த அந்தப் புல் ஓடுதளத்தில் யார் விமானம் கட்டினாலும் வயரிங் வேலை அவருடையது. காசு வாங்கமாட்டார். பதினோரு விமானங்கள். சாயங்காலங்களில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார். ஒவ்வொன்றாக மேலே போகும்போது, கொஞ்சம் தானும் போவதாக அவருக்கு ஒரு கணக்கு. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டுவேன் அதை வைத்தே ஒரு வருடம் ஓட்டுவான்.

"பேட்டரிப் பக்கத்து வயர் கருகியிருக்கு. உள்ள எதுவரைக்கும் போயிருக்குன்னு பாத்துடறேன்" என்று அவர் டார்ச்சை எடுத்தார்.

"வேண்டாம் வெண்டல், நான் பாத்துக்கறேன்" என்றாள் லோர்னா. கொஞ்சம் அவசரமாகவே சொன்னாள். அதற்குள் அவர் விமானத்துக்குள் ஏறி, மல்லாந்து படுத்து, மீட்டர் பலகைக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டிருந்தார்.

கருகல் அதுவரை வரவில்லை. கட்டுக்கட்டாக வயர்கள், இரண்டு விரற்கடைக்கு ஒன்றாக மெழுகு நூல் முடிச்சுகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடற்படையில் ரேடியோ பழுதுபார்த்த காலத்தில் பழகிய முடிச்சு அது. அவர் இடக்கைக்காரர், அவர் போடும் முடிச்சின் வால் இடப்பக்கம்தான் சாயும். இங்கே எல்லா வால்களும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. ஒரு முடிச்சில் மட்டும் யாரோ வாலை வலிந்து இடப்பக்கம் திருப்பிப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். அதற்குமேல் பொறுமை இல்லாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. அது கையின் ஆட்டம். சில வருடமாக அதற்கான பழியைக் காப்பியின் தலையில் போட்டுவந்தார்.

"டுவேன், இந்த முடிச்செல்லாம் யார் போட்டது?"

"எலியா இருக்கும்."

"எலி பசை வச்சு ஒட்டுமா?"

"நெப்ராஸ்கா எலி எதுவும் பண்ணும். வாங்க, டோனட் தீரப்போவுது." சொல்லிவிட்டு அவன் துணியை எடுத்துக்கொண்டு தன் மஞ்சள் விமானத்தைப் பார்த்துப் போய்விட்டான்.

வெண்டல் இறங்கி வந்தார். "லோர்னா, நீயாவது சொல்லு."

"குளிர்ல நூல் முறுக்கிக்கும்..."

"பஸ்ல பொய் சொல்ற பசங்களை இறக்கிவிட்டவ நீ."

லோர்னா கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் விமானத்துல மேல போனப்ப ரேடியோ செத்துப்போச்சு. இறங்கிப் பாத்தா, நீங்க வச்ச இணைப்பு இழுத்த இழுப்புல கையோட வந்துச்சு. நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க, ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாருங்கன்னு. எல்லாரும் இழுத்துப் பாத்தாங்க."

"யார் திரும்பப் போட்டது?"

"டுவேன். எல்லாருக்கும். நீங்க முடிச்சுட்டுப் போனதும் வார நாள்ல வந்து பிரிச்சுப் போடுவான். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினான்."

பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஊர் முழுக்க அவர் சொல்லிவைத்திருந்த டுவேன். ஆறு வருடமாகத் தன் விருந்து என்று நினைத்துப் பந்தியைச் சுற்றிச்சுற்றி வந்த ஒருவரிடம், சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னால் எப்படி இருக்கும்? வெண்டலுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது.

"நேராச் சொல்லு. என் கை போட்ட வயர் இப்ப எத்தனை விமானத்துல இருக்கு?"

"ஒண்ணுல."

"யாரோடது?"

லோர்னா வாசலைப் பார்த்தாள். வெளியே வெயிலில், எட்டாத இடத்துக்கு ஏணி போட்டு, டுவேன் மஞ்சள் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவனோடது. வாரா வாரம் டார்ச்சோட போய், நான் போட்டதுன்னு அந்த வயரைத்தானே எல்லாருக்கும் காட்டறீங்க. மாத்தினா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னு தொடாம வச்சிருக்கான். அவன் காதுக்கு ஒண்ணும் இல்ல, வெண்டல்."