பதிவாகிவிட்டது

பழைய கணினியின் பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி சொருகி, அது எழுந்து வரும்வரை நகம் கடித்துக்கொண்டிருந்தேன். சற்றுமுன் என் நிரல் எழுதிய கோப்பு இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

பதினேழு வருஷம் இந்தத் துறையில் குப்பை கொட்டியவன் நான். திரைகளும் படிவங்களும் செய்தே காலம் தள்ளியாயிற்று. இப்போது லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் அடிமட்டத்தில் வேலை செய்யும் குழுவுக்கு மாற்றி, கற்றுக்கொள்ள இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம் எளிது. 'எழுது' என்றால் லினக்ஸ் உடனே 'ஆச்சு' என்று சொல்லிவிடும். ஆனால் தற்காலிக நினைவகத்தில்தான் வாங்கி வைத்திருக்கும். அழியாமல் சேமிக்கும் வட்டில் சாவகாசமாகத்தான் இறக்கும். இப்போதே இறக்கு என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். இல்லாவிட்டால், நடுவில் மின்சாரம் போனால் போனதுதான்.

அந்த ஒரு வரியை நான் எந்த நிரலிலும் எழுதியதில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, குளிரறை அக்கா நினைவுக்கு வந்தாள்.

மருந்துக் கிடங்கின் குளிரறையில் மணிக்கொரு தரம் வெப்பநிலையைப் பதிந்துவந்தவள் அவள். நிரல் என்னுடையது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் மின்சாரம் போய் வந்தபோது கடைசிப் பதிவைக் காணோம். குளிர் கெட்டதா இல்லையா என்று தெரியாததால் அறை மருந்து முழுவதையும் கொட்டினார்கள். "பதிவாகிவிட்டதுன்னு திரையில வந்துச்சு சார், என் கண்ணால பார்த்தேன்" என்றாள். விசாரணையில் நான், "மெஷின் பொய் சொல்லாதுக்கா" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு. அந்த வாரமே அவள் வேலை போயிற்று.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன்.

"இப்பப் போய்ச் சொன்னா உங்க வேலை என்னாகும்?"

"தெரியல."

மடித்த சட்டையையே அவள் பிரித்து மறுபடி மடித்தாள்.

பழைய எண்ணில் அக்காவே எடுத்தாள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"நான்தான் பட்டனை அழுத்தாம விட்டுட்டேன்னு நானே நம்பிட்டேன் சார். இப்பெல்லாம் அடுப்பை அணைச்சேனான்னு பத்து தடவை போய்ப் பார்க்குறேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இதை எழுதிக் குடுப்பீங்களா? கையெழுத்தோட?"

"குடுக்குறேன்க்கா."

"இப்பவே எழுதுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தாளை எடுத்து மேசையில் வைத்தேன். விசாரணையில் கையெழுத்துப் போட்டவர்கள், மேலாளர், இன்னும் கட்டி முடியாத வீடு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பேனா நகரவில்லை.

"எழுதிட்டீங்களா சார்?"

"ஆச்சுக்கா."

"படிச்சுக் காட்டுங்க."

மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்தாள். அதில் தேதி மட்டும் இருந்தது.