சர்க்கரைக் குதிரை

காபிக் கடையில் இருந்தவை நான்கு வட்ட மேசைகள். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பு ஓரமாக உரிந்து, வருகிறவர் போகிறவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் அக்கா ஒருநாள் வெந்நீரும் கரண்டியுமாக உட்கார்ந்து சுரண்டி எடுத்தாள். அடியில் மரத்திலேயே பதித்த அறுபத்து நான்கு கட்டங்கள். அடுத்த மேசையைச் சுரண்டினாள். அதிலும் இருந்தன. நான்காவதையும் முடித்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று வருஷமாகச் சதுரங்கப் பலகையின் மேல் காபி வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம், நமக்கே தெரியவில்லையே!

தம்பிக்கு ஒன்றும் சிலிர்க்கவில்லை. இருவரும் சேர்ந்து வாங்கிய கடை அது. அவள் காபி போடுவாள், மற்றதெல்லாம் அவன் பொறுப்பு.

"யாருக்கா இப்ப ஆடப்போறாங்க? தலையைத் தூக்கிப் பார்க்கவே ஆளில்லை" என்றான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு போனில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார்கள். ஊராரைச் சொல்வானேன், அக்காவும் தம்பியுமே "ரெண்டு காபி, ஒண்ணு ஸ்ட்ராங்" என்பதைத் தாண்டிப் பேசி மாதக்கணக்காகிறது. அவளை உறுத்தியது அதுதான். இந்தக் கட்டங்களைப் பார்த்ததும், இங்கே ஒரு காலத்தில் முன்பின் தெரியாதவர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பே அவளைப் பிடித்துக்கொண்டது.

பரணில் ஒரு தகர டப்பா நிறையக் காய்கள் கிடைத்தன. ஒரு வெள்ளைக் குதிரையை மட்டும் காணோம். அதனால் என்ன, காய்களை ஒரு மேசையில் அடுக்கி, அதன் இடத்தில் ஒரு சர்க்கரைக் கட்டியை வைத்தாள்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது, ஒருவரும் ஆடாவிட்டால் மறுநாளே மரவேலைக்காரர் வந்து மேசைகளைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார நீளப் பலகை அடிப்பது என்று இருவருக்கும் பேச்சு. ஐந்து ஞாயிறும் பலகைக்கு ஈ மட்டும்தான் வந்தது, அதுவும் அந்தக் குதிரைக்காக. தம்பியோ ஞாயிறு முழுக்கக் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காபி மெஷினைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருப்பான். 'முகத்தைத் திருப்பிக்கறதுக்கு ஒரு சாக்கு' என்று அவள் உள்ளுக்குள் பொருமுவாள்.

ஆறாவது ஞாயிறு, காலை பதினொரு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். அவர் வழக்கமாக உட்காரும், காய்கள் அடுக்கியிருந்த மேசையில் ஏற்கெனவே தபால்காரம்மா உட்கார்ந்திருந்தார். வேறு இடம் இல்லை. எதிரே உட்கார்ந்த டாக்டர் கொஞ்ச நேரம் காய்களைப் பார்த்தார். பிறகு சிப்பாய் ஒன்றை இரண்டு கட்டம் தள்ளினார். தபால்காரம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றைத் தள்ளினார். 

 கழுவிய டம்ளர்களோடு தட்டைத் தூக்கிய அக்கா, எட்டி எட்டிப் பார்த்ததில் அதைத் தடாலென்று போட்டாள். கடையே திரும்பி அவளைப் பார்த்தது. அசட்டுச் சிரிப்போடு பொறுக்கினாள். மறுபடி எல்லாத் தலையும் குனிந்துகொண்டது. ஆட்டம் தொடர்ந்தது. 'ரெண்டு பேர் ஆடி என்ன, பார்க்க ஒரு கண் இல்லையே' என்று நினைத்தபடி டம்ளர்களை மறுபடி கழுவப் போட்டாள்.

அரை மணி கழித்து டாக்டர் சர்க்கரைக் குதிரையைத் தூக்கினார். எங்கே வைப்பதென்று யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். ஊருக்கெல்லாம் சர்க்கரை கூடாதென்று சொல்லி, தானும் இருபது வருஷமாகத் தொடாத மனிதர். ஆனால் கைக்குப் பழைய ஞாபகம். குதிரையை டம்ளருக்குள் போட்டு, கலக்கி, ஒரு வாய் குடித்தார்.

"ஐயோ, குதிரை!" என்றார் தபால்காரம்மா.

டாக்டர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! இனிப்பு வேறு. அக்கா இன்னொரு கட்டியோடு ஓடிவந்தாள். எந்தக் கட்டத்தில் வைப்பது? "இந்த வெள்ளைக் கட்டத்துல நின்னுச்சு" என்றார் டாக்டர். "இல்ல டாக்டர், பக்கத்துக் கருப்புல" என்றார் தபால்காரம்மா. அவர் குரலிலும் உறுதி இல்லை. "சரி, கலைச்சிடலாம்" என்று டாக்டர் கையை நீட்டினார்.

ஆறாவது ஞாயிறும் போச்சு என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கலைக்காதீங்க!"

ஜன்னலோரம் இயர்போன் மாட்டியிருந்த பெண். ஒன்றைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "குதிரை தாவும்போதெல்லாம் கட்டத்தோட நிறம் மாறும். மொதல்ல கருப்புல நின்னுச்சு. எத்தனை தடவை தாவுச்சுன்னு எண்ணினா தெரிஞ்சுடும். முதல் தாவல் நான் பார்த்தேன், சிப்பாய்க்கு முன்னாடி வந்துச்சு."

"ரெண்டாவது நடுவுக்கு" என்றார் லேப்டாப்காரர், திரையை மூடியபடி.

"மூணாவது யானையை மிரட்டிச்சு" என்றாள் கைக்குழந்தையோடு வந்த தாய். "நான்கூட அடடான்னேன்."

 குனிந்த தலைகளெல்லாம் ஓரக்கண்ணால் இதைத்தான் பார்த்திருக்கின்றன! கடை முழுக்க ஒரே ஆட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கோயிலுக்குள் நுழைந்தாற்போல் அக்காவுக்குக் கைகள் தானே குவிந்தன.

"அப்ப மூணு தாவல், வெள்ளைக் கட்டம்" என்றார் டாக்டர்.

"நாலு."

மெஷின் பக்கமிருந்து வந்தது குரல். தம்பி திரும்பவில்லை. "அக்கா தட்டைப் போட்டப்ப எல்லாரும் அவளைப் பார்த்தீங்க. டாக்டர் திடுக்குனு குதிரையை வச்சிட்டாரு. அவரோட இடது கைப்பக்கம்."

"இடது பக்கம் என் சிப்பாயே நிக்குதே, தம்பி" என்றார் டாக்டர்.

தம்பியின் காது சிவந்தது. "அப்ப… வலது. இதுல பார்த்தா மாறித் தெரியும்."

அக்கா மெஷினைப் பார்த்தாள். கண்ணாடிபோல் மின்னிய அதன் வயிற்றில் நான்கு மேசைகளும், நிமிர்ந்த அத்தனை முகங்களும் தெரிந்தன.

"ஆறு வாரமா இதைத் தேய்ச்சது இதுக்குத்தானாடா?"

"மொத அஞ்சு வாரம் ஆட்டம் எங்க இருந்துச்சு?" என்றான் அவன்.  "யாராவது உட்காரமாட்டாங்களான்னு பார்த்துட்டிருந்தேன். நீ டப்பாவை மறுபடி பரண்ல ஏத்தறதை என்னால பார்க்க முடியாதுக்கா."

 அக்கா கட்டியை அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் வந்து கருப்புக் கட்டத்தில் வைத்தான். "டாக்டர், இது குதிரை. குடிச்சிடாதீங்க." கடை கொல்லென்று சிரித்தது.

பிறகு போனை எடுத்து மரவேலைக்காரரைக் கூப்பிட்டான்.

"நாளைக்குக் கண்டிப்பா வந்துடுங்க… இல்லைங்க, மேசையைத் தொடவேண்டாம்." குனிந்து, சர்க்கரைக் கட்டிக்குப் பக்கத்தில் நின்ற மரக் குதிரையை விரலால் அளந்தான். "ஒண்ணரை விரல் உயரம். வெள்ளையா இருக்கணும்."