விரல் ரோந்து

மாவுக்கட்டு அக்காவுக்கு நாலு மணிக்கு வேலை முடியும். ஆனால் நாலு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் அவள் மாவுக்கட்டு அக்காவே இல்லை. கையைக் கழுவி, இமையில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் துடைத்துவிட்டு, அன்றைக்குத் தான் போட்ட கட்டுகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் வாசலைத் தாண்டுவாள். கட்டின் அழகைப் பார்க்க அல்ல. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களைப் பார்க்க. தொட்டால் சூடு இருக்கிறதா, நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் உடனே சிவக்கிறதா, ஆட்டச் சொன்னால் ஆடுகிறதா. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வார்டு சிஸ்டர்கள் அதற்கு 'விரல் ரோந்து' என்று பெயர் வைத்துக் கேலி செய்வார்கள். செய்யட்டுமே, கேலியால் யாருக்கும் எலும்பு முறிந்ததில்லை.

போன மாதம் அந்த ரோந்துக்குப் பெரிய டாக்டர் ஆப்பு வைத்தார். ஒருவருக்குக் கை வீங்கியிருக்கிறது என்று அக்கா கட்டை நெடுக வெட்டித் தளர்த்திவிட்டாள். வீக்கம் வடிந்தது, உண்மைதான். ஆனால் சேர்த்து வைத்த எலும்பு நகர்ந்துவிட்டது. பெரிய டாக்டர் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டியதாயிற்று. மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மறுநாளே மாவுக்கட்டு அறைக் கதவில் அவர் கையெழுத்துடன் ஒரு காகிதம் தொங்கியது. அவர் அனுமதி இல்லாமல் யாரும் கட்டை வெட்டக் கூடாது, மாவுக்கட்டு அறை ஊழியர் வார்டுக்குள் போகக் கூடாது. மீறினால் கிடங்கில் பஞ்சு உருளை எண்ணப் போக வேண்டியதுதான்.

அக்கா தலையை ஆட்டினாள். ஆட்டியதோடு சரி. வார்டு இருக்கும் இரண்டாம் மாடித் தண்ணீர்தான் தொண்டைக்கு ஒத்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டு தினமும் நாலு மணிக்குப் பாட்டிலோடு மாடியேறினாள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பேருந்து ஓட்டுநர் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டிப்போவில் பின்னால் நகர்ந்து வந்த வண்டி இடித்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. பெரிய டாக்டரே எலும்பைச் சேர்த்துவிட்டு, தொடையிலிருந்து பாதம் வரை முழுக்கட்டு போடச் சொன்னார். கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. இப்படிப்பட்ட காலுக்குக் கட்டுப் போட்டால், அது இறுகிய கையோடு நெடுக ஒரு வெட்டு வெட்டி, வீக்கத்துக்கு இடம் விடுவதுதான் அக்காவின் வழக்கம். பழக்கதோஷத்தில் ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். பெரிய டாக்டர் கதவில் தொங்கிய காகிதத்தை ஒரு பார்வை பார்த்தார். அக்கா ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

ஓட்டுநர் படுத்தபடியே சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். தண்ணீர் ரொம்பச் சூடு, கட்டு கனம், மின்விசிறி கிறீச்சிடுகிறது. ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதினார். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று முப்பது வருஷமாக எழுதிய கை, சும்மா இருக்குமா? பதினொரு மணிக்குள் வார்டில் அவருக்குப் 'புகார்ப் பெட்டி' என்று பெயர் விழுந்துவிட்டது.

நாலு மணிக்கு அக்கா பாட்டிலோடு மாடியேறினாள். இரண்டு கை, ஒரு கணுக்கால் பார்த்தாள். எல்லாம் சூடு, எல்லாம் சிவப்பு. கடைசிக் கட்டிலில் ஓட்டுநர். அவர் மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கால், மூன்று தலையணை மேல் உயரமாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தது.

"என்ன அண்ணே, புது புகார் ஏதாவது உண்டா?" என்றாள் அக்கா.

அவர் முகமெல்லாம் வேர்த்து, போர்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரமா இப்படித்தான், வாயே தொறக்க மாட்டேங்குறாரு" என்றாள் மனைவி. "மத்தியானமே வலிக்குதுன்னாரு. வலி இருக்கத்தான் செய்யும்னு ஒரு மாத்திரையைக் குடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் பெல் அடிச்சு அடிச்சுப் பாத்தாரு, யாரும் எட்டிக்கூடப் பாக்கல. கோவம் வந்துருச்சு. கல்யாண போட்டோவுலகூட செருப்பு கடிக்குதுன்னு மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு நிக்கிற மனுஷன்மா இவரு. இவரு பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

அக்கா பாதத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டாள். வெளுத்த இடம் வெளுத்தபடியே கிடந்தது, சிவக்க அவ்வளவு நேரம் எடுத்தது.

"விரலை ஆட்டுங்க அண்ணே."

"எங்க ஆட்டறது? அது என் விரல் மாதிரியே இல்ல."

அக்கா அவருடைய பெருவிரலைப் பிடித்து மெல்ல, மிக மெல்ல மேல்நோக்கித் தூக்கினாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினார் மனிதர். அவ்வளவுதான், அக்காவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கால் வீங்குகிறது, வெளியே கட்டு விட்டுக்கொடுக்க மறுக்கிறது, நடுவில் சதை இரத்தம் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் யார் போட்ட கட்டு? அவள் போட்டது. சுவர் பூசியது மாதிரி வழவழவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல், அவள் கையாலேயே போட்டது. நாசமாய்ப் போன அழகு!

முதல் வேலையாகத் தலையணைகளை உருவி எறிந்தாள். உயர்த்தி வைத்த காலுக்குப் போகிற கொஞ்ச இரத்தமும் போகாது. பிறகு பணியில் இருந்த சின்ன டாக்டரைக் கையோடு இழுத்து வந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பையன். அவனும் விரலைத் தூக்கிப் பார்த்தான், அவன் முகமும் மாறியது. ஓடிப்போய் அறுவைக் கூடத்துக்குப் போன் போட்டான். பெரிய டாக்டர் உள்ளே ஒரு முதுகெலும்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அங்கிருந்த சிஸ்டர் அவரிடம் கேட்டுச் சொன்னாள்.

சின்ன டாக்டர் போனை வைத்துவிட்டு வந்தான். "வலிக்கு ஊசி போடணுமாம். காலை உயர்த்தியே வைக்கணுமாம். கட்டைத் தொடவே கூடாதாம். அவர் வெளிய வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம் அக்கா."

"ரெண்டு மணி நேரத்துல அந்தக் காலு யாருக்கு வேணும்? அதை வச்சு பிரேக் மிதிக்கிறவர் அவரு."

"பெரிய டாக்டர் வேண்டாம்னு சொல்றப்ப நாம எப்படி…"

"நாம இல்ல டாக்டர் தம்பி. நான். நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க. உங்களுக்கு இப்பத்தான் வேலை ஆரம்பம், வினையை விலைக்கு வாங்க வேண்டாம்."

இரண்டு மாடியும் எப்படி இறங்கினாள், ரம்பத்தோடு எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தள்ளும்போது அந்தக் காகிதம் கையில் உரசியது. கிடங்குதானே? போகிறேன் போ, பஞ்சு உருளை என்ன கடித்தா வைக்கும் என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

ரம்பம் இரைந்ததும் ஓட்டுநருக்கு வாய் திறந்துகொண்டது. "ஏம்மா, காலையும் சேத்து அறுத்துராதீங்க!"

அக்கா ஓடுகிற ரம்பத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "பாத்தீங்களா? இது சுத்தாது, அதிரும். முரண்டு பிடிக்கிறதை மட்டும்தான் வெட்டும். நீங்க முரண்டு பிடிக்காம இருங்க."

குதிகாலைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. மனைவியைக் கூப்பிட அவள் திரும்பினாள். சின்ன டாக்டர் அதற்குள் குனிந்து பிடித்திருந்தான். அக்கா வெட்டினாள். தொடையிலிருந்து பாதம் வரை வெளிப்பக்கம் ஒரு வெட்டு, உள்பக்கம் ஒரு வெட்டு. அரைகுறையாக நிறுத்துகிறவர்கள் இங்கேதான் நிறுத்துவார்கள். கட்டு பிளந்தாலும் உள்ளே சுற்றிய பஞ்சு கயிறாக இறுக்கிக்கொண்டிருக்கும். அவள் கத்தரிக்கோலை உள்ளே விட்டுப் பஞ்சையும் தோல் தெரியும்வரை நறுக்கினாள். கட்டு இரண்டு பாதியாக விலகியது. உள்ளே கால் பளபளவென்று வீங்கிக் கிடந்தது.

அக்கா பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் உயிரே அந்த ஒரு விரலில் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். விரலில் மெல்லச் சூடு ஏறியது. நகம் சிவந்தது. ஓட்டுநர் போர்வையை வாயிலிருந்து எடுத்தார்.

"ஆட்டுங்க அண்ணே."

விரல் ஆடியது. மனைவி ஓவென்று அழுதாள். அக்காவுக்கும் கண் கலங்கியது. கண்ணில் பொடி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டாள்.

ஆறேகாலுக்குப் பெரிய டாக்டர் வந்தார். அக்கா வீட்டுக்குப் போகவில்லை, கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவர் காலைத் தொட்டுப் பார்த்தார், விரலைத் தூக்கிப் பார்த்தார். புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு நகர்ந்திருந்தது.

"சந்தோஷமா?" என்றார். "நாளைக்கு இவருக்கு ஆபரேஷன் பண்ணி உள்ள கம்பி வைக்கணும். கட்டோட முடிய வேண்டிய வேலை. போன மாசம் பட்டும் உனக்குப் புத்தி வரலையா?"

"எலும்பு நகர்ந்தா நீங்க சேப்பீங்க சார், உங்களுக்கு அந்தக் கை இருக்கு. சதை செத்துப்போனா யாரு சேப்பா? நீங்க சேப்பீங்களா?"

பெரிய டாக்டரிடம் இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியாதா? வலிக்குதுன்னா எல்லாத்துக்கும் வெட்டிருவியா? இவர் காலையிலிருந்து மின்விசிறிக்கும் புகார் சொன்னவரு."

"ஆமா, சொன்னேன்" என்றார் ஓட்டுநர். "எல்லாத்தையும் எழுதியும் வச்சிருக்கேன். படிங்க சார்." நோட்டை நீட்டினார். அவர் நீட்டிய விதத்தில் பெரிய டாக்டரால் வாங்காமல் இருக்க முடியவில்லை.

பத்து இருபது, கட்டு கனம். பதினொன்று ஐந்து, தேநீர் ஆறிவிட்டது. பன்னிரண்டு இருபது, பெருவிரல் எரிகிறது. பன்னிரண்டு ஐம்பது, கால் நெரிக்கிறது, சிஸ்டரிடம் சொன்னேன், மாத்திரை. ஒன்று முப்பது, பெல் அடித்தேன், யாரும் வரவில்லை. இரண்டு பதினைந்து, பெல், வரவில்லை. இரண்டு நாற்பது, விரல் மரத்துப் போகிறது. மூன்று பத்து, இனிமேல் சொல்லப் போவதில்லை. நாலு ஐந்து, கட்டுப் போட்ட அம்மா வந்தார். நாலு நாற்பது, வெட்டி முடித்தார். நாலு ஐம்பது, புகார் இல்லை.

பெரிய டாக்டர் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். நோட்டை மூடி, கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதனால் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் காலையில் மாவுக்கட்டு அறை மேஜையில் அலுவலகத்திலிருந்து வந்த மெமோ காத்திருந்தது. யாருடைய அனுமதியின் பேரில் கட்டு வெட்டப்பட்டது, இன்று மாலைக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.

உடல்நிலை சரியில்லை, பதற்றத்தில் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று சிஸ்டர் வந்து காதைக் கடித்துவிட்டுப் போனாள். அக்கா பேனாவை எடுத்தாள். மாவு வாளிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு எழுதினாள்.

'யார் அனுமதியும் இல்லை. நேற்றுக் காலை பத்து மணிக்கு வெட்ட வேண்டிய கட்டை, கதவில் தொங்கிய காகிதத்துக்குப் பயந்து வெட்டாமல் விட்டேன். அது என் தப்பு. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சம்மதம். மாலையில் வெட்டியது தப்பில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.'

கையெழுத்துப் போட்டு மடித்து அனுப்பினாள். நாலு மணிக்குக் கையைக் கழுவினாள். இமையைத் துடைத்தாள். மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்காமல், வெறுங்கையோடு மாடியேறினாள்.