தரை பார்க்கும் மாமா

மாமாவுக்கு டைல்ஸ் வியாபாரம். உலகத்தை அவர் தரையிலிருந்து மேல்நோக்கித்தான் மதிப்பிடுவார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் குதிகாலால் தரையைத் தட்டி, "கீழ வெத்து, பூச்சு சரியில்ல" என்று பெண்ணின் அப்பா காதுபடச் சொல்லி, வந்த வழியே திரும்பியவர்.

கணவனை இழந்த தங்கையின் வீட்டில் அவர் கையெழுத்துக்கு மவுசு அதிகம். நர்சிங் சேர தங்கை மகளுக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். வழிகள் இரண்டு. அரசு ஆஸ்பத்திரியோடு ஒட்டிய நர்சிங் பள்ளியில் கட்டணம் சொற்பம்; ஆனால் படித்தபின் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். புறவழிச்சாலையில் முளைத்திருந்த தனியார் கல்லூரியில் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினால் போதும். அதற்கும் ஜாமீன் மாமாதான்.

"ரெண்டு வருஷம் அடிமைச் சாசனம் எழுதித் தரச் சொல்றான். அதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். தனியார்னா சொல்லு" என்றார்.

அம்மா தையல் மெஷினை நிறுத்தவில்லை. "கடனை யாருண்ணே அடைக்கிறது?"

"இவ சம்பாதிச்சு அடைப்பா."

"எங்க வேலை கிடைச்சு, மாமா?" என்றாள் அவள்.

"அந்தக் கட்டடத்தைப் பாத்துட்டுப் பேசு."

பார்க்கப் போனார்கள். பெற்றோருக்கு மதிய விருந்து உண்டு என்று விளம்பரம் சொன்னதால், மாமா காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வயிற்றை விருந்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார். வாசலிலேயே குதிகாலால் தட்டினார். முகம் மலர்ந்தது. "இறக்குமதிச் சரக்கு. இந்தப் பளபளப்பு லேசுல வராது."

கோட்டு போட்ட அட்மிஷன் மேடம் பயிற்சிக் கூடத்தைக் காட்டினார். கட்டிலில் ஒரு பொம்மை படுத்திருந்தது. இருமுமாம், வியர்க்குமாம், கேட்டால் அழக்கூடச் செய்யுமாம். வாங்கியபோது சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் இன்னும் யாரும் கழற்றவில்லை.

"நிஜ நோயாளியை எப்ப பாப்போம்?" அவள் கேட்டாள்.

"கடைசி வருஷம். ஏசி பஸ்ல கூட்டிட்டுப் போவோம்."

"போன வருஷம் முடிச்சவங்க எங்க வேலை பாக்குறாங்க?"

"வேலைவாய்ப்பு உதவி நூறு சதவீதம்."

"உதவி சரி மேடம். வேலை?"

மேடம் பதிலுக்குப் புன்னகையைத் தயார் செய்துகொண்டிருக்கையில், மாமா தான் மெச்சிய தரையிலேயே மெல்லச் சரிந்தார். சட்டையெல்லாம் வியர்வை. பொம்மை செய்வதாகச் சொன்னதையெல்லாம் மாமா செய்துகொண்டிருந்தார்.

மேடம் பதறிப்போய்க் கூவினார்: "யாராவது ஒரு நர்ஸைக் கூப்பிடுங்க!"

நர்சிங் கல்லூரி முழுக்க அந்தக் குரல் எதிரொலித்தது. ஒரு ஆசிரியை ஓடிவந்து, பிரஷர் பார்க்கும் கருவி பூட்டிய அலமாரியில் இருப்பதாகவும் சாவி முதல்வரிடம் இருப்பதாகவும் முதல்வர் மாநாட்டில் இருப்பதாகவும் தெரிவித்தார். அவள் மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் சர்க்கரை கேட்டாள். இது ஆரோக்கிய வளாகம், சர்க்கரைக்கு அனுமதியில்லை என்றார்கள். கடைசியில் ஏசி பஸ்தான் கைகொடுத்தது. மாமாவை ஏற்றிக்கொண்டு அது நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனது.

அங்கே அவசரப் பிரிவில் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி, மாமாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். "சுகர் ரொம்ப இறங்கியிருக்கு சிஸ்டர்" என்று குரல் கொடுத்தாள். சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்க, ஊசி முதல் தடவையிலேயே நரம்பில் ஏறியது. குளுக்கோஸ் உள்ளே போகப்போக மாமாவின் கண் திறந்தது. முதலில் தரையைத்தான் பார்த்தது.

"விரிசல் விட்டிருக்கு," முனகினார்.

"தாத்தாவுக்கு நினைவு வந்துருச்சு சிஸ்டர்."

சாயம் பூசிய தலையை மாமா தடவிக்கொண்டார். "தாத்தாவா?"

அவள் மாணவியிடம் தணிந்த குரலில் கேட்டாள். "இங்க படிச்சா வேலை நிச்சயமாக்கா?"

"பரீட்சை முடியுறதுக்குள்ள, இவ எங்க வார்டுக்கு வேணும்னு சிஸ்டருங்க சண்டை போடுவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வெளிய போனா, தனியார்லயும் எங்க கையைத்தான் பாப்பாங்க. ஹாஸ்டல் சாப்பாடு மட்டும் கேக்காத." டிராலியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"மாமா, நான் இங்கதான் சேரப்போறேன்" என்றாள் அவள். கேள்வியாக இல்லை. மாமா குளுக்கோஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் அம்மாவிடம் அவரே விளக்கினார். "கட்டடத்தைப் பாத்து ஏமாறுறவனா நான்? ரெண்டு இடத்துலயும் நோயாளி மாதிரி படுத்துப் பாத்தேன். ஆஸ்பத்திரிப் பள்ளிதான் சரி. அதோட ரெண்டு வருஷம் வேலையை அவனே எழுதித் தரான், வேற எவன் தருவான்?"

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "நல்லவேளைண்ணே, இவ டாக்டருக்குப் படிக்கக் கேக்கல. வயித்தக் கிழிச்சுக் காட்டிப் பாத்திருப்ப."

மாமா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எங்க போடணும்?"

"இங்க மாமா," என்று அவள் விரல் வைத்துக் காட்டினாள். "போட்டுட்டு முதல்ல சாப்பிடுங்க."