முனாப் சேரின் சிரிப்பு வீடு மாறிய வரலாறு

உலகத்தில் பகிடி என்ற ஒன்று 'மக்கிள்டன் குடும்பம்' கார்ட்டூனின் ஒன்பதாம் சீசனோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகு மனிதர் சிரித்ததெல்லாம் வெறும் பழக்கதோஷம். மருதமுனையில் இங்கிலிஷ் டியூஷன் நடத்தும் முனாப் சேர் இதை அறிவித்து ஆறு வருடமும் இரண்டு மாதமும் ஆன ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குச் சற்றுப் பின்னர், அவருடைய சிரிப்பு அவரை விட்டுப் புறப்பட்டது. பாண்டிருப்பையும் கல்முனையையும் தாண்டிச் சாய்ந்தமருதுக்குப் போய், பார்மசியில் வேலை செய்யும் அஸ்னாவின் வீட்டில் குடியேறியது. அன்று மழையில்லை. பஸ்கள் நேரத்துக்கு ஓடின.

மக்கிள்டன் குடும்பம் ஒரு கலங்கரை விளக்கத்தைக் காத்து வருகிறது. தகப்பனுக்கு இருட்டென்றால் பயம். அவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாட ஒரு வாத்து உண்டு. முப்பத்திரண்டு வருடமாக ஓடும் தொடரில் எவருக்கும் ஒரு முடிகூட நரைக்கவில்லை, பார்த்தவர்களுக்குத்தான் நரைத்தது. கல்முனையில் றுமைஸின் போன் ரிப்பேர் கடையில் கூடிய ரசிகர்கள் ஒன்பதாம் சீசன் வரை ஒரே ஜமாஅத்தாக இருந்தார்கள். இங்கத்தைய டீவிக்குத் தொடர் பிந்தி வந்து, வருடத்துக்கு மூன்று சீசனாக ஓடியது. பத்தாம் சீசனில் வாத்து கலியாணம் முடித்து, பெண் வீட்டில் குடியேறியது. வெளிநாட்டு ரசிகர்கள் இணையத்தில் எப்போதோ கொதித்திருந்தார்கள்: வாத்தின் தன்மானம் போயிற்று, எழுத்தாளர்களுக்குச் சரக்கு தீர்ந்தது. முனாப் சேர் இதை ஆங்கிலத்தில் படித்து, ஊர்வழக்கில் போட்டுப் பார்க்காமல் அப்படியே வாங்கிக்கொண்டார். பிசகு அங்கேதான் நடந்தது. ஏனென்றால் இந்தக் கரையோரத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோகாவிட்டால்தான் ஊர் கதைக்கும்.

"சேர், கலியாணம் முடிச்சா பொண்டாட்டிட ஊட்டுக்குத்தானே போகணும்," என்றான் றுமைஸ், ஒரு போனின் முதுகைக் கழற்றியபடி. "இல்லாட்டி அந்த வாத்து வாடகைக்கா இரிக்கிற?"

"உங்களுக்கெல்லாம் கலை விளங்காது. நான் எந்த ஊட்டுக்கும் குடிபோற வாத்தில்ல. ஒம்பதாம் சீசனுக்குப் புறகு சிரிச்சவன் ரசிகனுமில்ல."

அதன்பின் அவர் புதிய சீசன் எதையும் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசமென்று எழுதினார். முகநூலில் அவருக்கு நாலாயிரம் பேர் சேர்ந்தார்கள். ஆறு வருடத்தில் அவர் சிரித்ததை ஒருவரும் காணவில்லை. அதை அவருடைய தரத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

சிரிப்பு குடியேறிய அன்று அஸ்னாவும் அவளுடைய உம்மா மைமூனாவும் இருபத்தொன்பதாம் சீசன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்து தன் மாமியாருக்கு எதிராக வழக்குத் தாக்கல் செய்த இடத்தில், கூரைத் தகட்டுக்குக் கீழேயிருந்து ஓர் ஆணின் சிரிப்பு கேட்டது. ஒலுவில் துறைமுகத்தில் போட் என்ஜின் மூன்று தரம் இழுத்தும் பிடிக்காமல் நாலாம் தரம் பிடிப்பதுபோல அது புறப்பட்டது. ரிமோட்டைத் திருத்திக் கொடுக்க வந்து வாசலில் நின்ற றுமைஸ் உடனே அடையாளம் சொன்னான்.

"யா அல்லாஹ், இது நம்மட முனாப் சேர்ட சிரிப்பெல்லோ! மாப்பிள்ளை வரமுந்தி சிரிப்பு ஊடு புகுந்திட்டு."

பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் ஓர் அந்நிய ஆணின் சிரிப்பு தங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அஸ்னாவின் பெரியப்பாவும் பள்ளிவாசல் காரியம் பார்க்கும் மரைக்காயருமான அப்துல் ஹமீட் வந்து, கூரையை அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாசல்ல செருப்பைக் காணல்லியே. செருப்பில்லாத ஆள எப்பிடி எழும்பிப் போகச் சொல்ற?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார். மைமூனா பழகிக்கொண்டாள். பகிடி முடியமுந்தி சிரித்தால் மட்டும், "பொறுங்க மனே, கேக்க உடுங்க," என்று ஏசுவாள். சிரிப்பு அடங்கும்.

மருதமுனையில் நிலைமை அவ்வளவு சுகமில்லை. முனாப் சேருக்கு இப்போது சிரிக்க விருப்பமிருந்தாலும் முடியவில்லை. வாய் திறக்கும், தோள் குலுங்கும், சத்தம் வராது. மாணவர்கள் கொட்டாவி என்று நினைத்துப் புத்தகத்தை மூடினார்கள். நற்பிட்டிமுனையிலிருந்து அவரை மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு பகிடி விட்டுப் பார்த்தார்கள். அவர் சத்தமின்றி வாயைத் திறந்து திறந்து மூட, மீன்போல இரிக்காரே என்று வட்டிலப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். முப்பத்தாறு வயதில் சிரிப்பில்லாத மனிதனாகவே மவுத்தாகிவிடுவோமோ என்ற பயம் அன்றுதான் அவரைப் பிடித்தது. அடுத்த வெள்ளி, றுமைஸிடம் வீட்டு அடையாளம் கேட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனார்.

உள்ளே தொடர் ஓடிக்கொண்டிருந்ததால் வாசலைத் தாண்டுவது கொள்கைக்கு இழுக்கு. கேற்றடியில், டீவிக்கு முதுகு காட்டி நின்றார்.

"என்ட சிரிப்பத் தாங்க."

"நாங்க கட்டியா வெச்சிரிக்கம்?" ஜன்னலுக்குள்ளிருந்து அஸ்னா சொன்னாள். "கூப்பிடுங்க, வந்தாக் கூட்டிட்டுப் போங்க."

கூப்பிட்டார். தமிழிலும் கூப்பிட்டார், இங்கிலிஷிலும் கூப்பிட்டார். கூரை அமைதியாக இருந்தது. பிறகு வாத்து ஏதோ சொல்ல, அவருடைய சொந்தச் சிரிப்பு அவருடைய தலைக்கு மேலால் வெடித்து வீதிக்குப் போனது.

"இருபத்தொம்பதாம் சீசன் பார்த்தீங்களா?"

"பார்க்கல்ல."

"பார்க்காம மோசமெண்டு எப்பிடிச் சொல்ற?"

"மவுத்தான ஊட்டுக்குப் போய் சாப்பாடு நல்லமா எண்டு கேக்கிறல்ல, புள்ள."

அஸ்னாவுக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. அதை அவள் காட்டிக்கொள்ளவில்லை. "சிரிப்பு இரிக்கட்டும். ஆளு தேவல்ல," என்று ஜன்னலைச் சாத்தினாள்.

ஒன்றரை வருடம் ஒவ்வொரு வெள்ளியும் இது நடந்தது. ஒன்பதாம் சீசனுக்கு அவர் வாதாட, முப்பதாம் சீசனுக்கு அவள் வாதாட, கூரை எப்போதும் அவள் பக்கம் சிரித்தது. கடலை விற்பவர் தன் வண்டியை அந்தக் கேற்றடிக்கே மாற்றிக்கொண்டார். முனாப் சேர் வராத ஒரு வெள்ளியில், அவருக்குக் காய்ச்சல் என்று தெரியாமல், அஸ்னா மூன்று தரம் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். அன்று சிரிப்பும் வாயைத் திறக்கவில்லை. மைமூனா அதைக் கவனித்து அப்துல் ஹமீட்டுக்குப் போன் எடுத்தாள். மரைக்காயர் மருதமுனைக்குப் போய்ச் சுருக்கமாகச் சொன்னார்: "தம்பி, உங்கட சாமானில முக்கியமானது எங்கட ஊட்டிலதான் கிடக்கு. மிச்சத்தையும் கொண்டு வந்திடுங்க."

முனாப் சேர் ஒரேயொரு நிபந்தனை போட்டார்: தொடரைப் பார்க்கும்படி தன்னை ஒருவரும் கேட்கக்கூடாது. அஸ்னா ஓம் என்றாள். நிக்காஹ் முடிந்து, ஒரு சூட்கேசும் இரண்டு டிக்ஷனரியுமாக அவர் பெண் வீட்டுக்குக் குடிபோனார். றுமைஸ் பின்னால் நின்று வாத்தைப்போலக் கத்திப் பார்த்தான்; மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுப் பேப்பர் படித்தார். கூரை சிரித்தது. அஸ்னா சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஐந்தாம் மாதம், பழைய பத்தாம் சீசனை மறு ஒளிபரப்புச் செய்தார்கள். வாத்து, புது மாப்பிள்ளையாக மாமியார் வீட்டில் முதல்நாள் பசியாறிவிட்டு, எந்தத் துவாயில் கை துடைப்பதென்று தெரியாமல் ஈரக் கையோடு குசினியில் நின்றது. பேப்பர் மெல்லத் தாழ்ந்தது.

"அஸ்னா," என்றார் முனாப் சேர், சுவரைப் பார்த்தபடி. "சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க. பேன் இரைச்சல்ல பேப்பர் விளங்குதில்ல."

அவள் கூட்டினாள். நாற்காலி சத்தமில்லாமல், ஒவ்வொரு அங்குலமாகத் திரும்பியது. என்ஜின் மூன்று தரம் இழுத்தது, நாலாம் தரம் பிடித்தது. இம்முறை கூரையிலிருந்தல்ல, நாற்காலியின் உயரத்திலிருந்து. மைமூனா திரும்பிப் பார்க்காமலே, "பொறுங்க மனே, கேக்க உடுங்க," என்றாள். மருமகன் வாயைப் பொத்திக்கொண்டு மிச்சத்தைப் பார்த்தார்.