கவிதையில் விட்டுப்போன பூண்டு

ஆவணப் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் உத்தியோகம் பார்த்து, அதில் கடைசி ஒன்பது வருஷம் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் பூங்காவில் நடக்க வருகிறவர்கள் 'சூப்பிரண்டு சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். வெறும் 'சார்' என்றால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பார். வாசலில் பித்தளைப் பலகை ஒன்று உண்டு. பெயர், பட்டம், பதவி எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். கடைசியில் 'ஓய்வு' என்கிற சொல் மட்டும் எறும்பு ஊர்ந்தது மாதிரி இருக்கும்.

வீட்டுக்குள் அவரை எப்படியும் கூப்பிட ஆள் கிடையாது. மனைவி போய் ஆறு வருஷம். சாப்பாட்டு மேஜைக்கு நாலு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், ஒன்றில் பழைய செய்தித்தாள் உட்காரும், மற்ற இரண்டும் எதிரே சும்மா நிற்கும். காலை ஏழு மணிக்குச் சமையலம்மா வந்து பத்து மணிக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் ஃபிரிட்ஜ் எப்போதாவது ஒரு தடவை உறுமும். சூப்பிரண்டு அதற்கு "ம்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மகன் போன் பண்ணுவான். கடல் நடுவே ஒரு தீவில், கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் வேலை. கட்டிக்கொண்டதும் அந்தத் தீவுப் பெண்ணைத்தான். பேத்திக்கு நாலு வயது. சூப்பிரண்டு இரண்டு மணிக்கே முகம் கழுவி, தேய்த்த சட்டை போட்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து எதிரே உட்கார்ந்துவிடுவார். கீழே பழைய வேட்டிதான். அது திரையில் தெரியாது.

பேத்தி திரையில் தெரிவது பதினோரு விநாடி. கடிகாரம் பார்த்து அவரே குறித்தது. "கண்ணு, தாத்தா பாரு" என்று தொடங்கினால் 'பாரு' வருவதற்குள் அவள் மேஜைக்கடியில் இருப்பாள்.

"பயமெல்லாம் இல்லப்பா. நீங்க பேசறது அவளுக்குப் புரியல, அவ்ளோதான்" என்றான் மகன்.

"நீ சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

"நான் வேலை முடிஞ்சு வரப்ப தூங்கிடறாப்பா. வீட்லயும் ஸ்கூல்லயும் மால்டீஸ்தான்."

"அப்ப நான் கத்துக்கறேன்."

"எதை?"

"மால்டீஸை. என்னடா, மொழிதானே! எத்தனை சட்டத் திருத்தத்தைப் படிச்சவன் நான்."

மகன் சிரிக்க ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மறுநாளே போனில் பாடம் தேடி எடுத்தார் சூப்பிரண்டு. முதல் பாடம் பழங்களும் காய்கறிகளும். வணக்கம், நலமா, என் பெயர் இன்னது என்பதெல்லாம் மூன்றாம் பாடத்தில் இருந்தது. நேரே அங்கே போயிருக்கலாம். ஒன்றை முடிக்காமல் மூன்றைத் தொடுவது அவர் சரித்திரத்தில் கிடையாது. அதற்காகவே அவருடைய பிரிவில் கோப்புகள் பேரன் காலம்வரை நகராமல் கிடந்தன.

வீட்டுக் காய்கறிகளுக்கும் அதே விதி வந்தது. வாங்கி வந்த ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டது. ஆப்பிளுக்கு 'துஃபீஹா', வெங்காயத்துக்கு 'பஸ்லா', தக்காளிக்கு 'தடாமா'. சீட்டைப் பார்க்காமல் அவர் மூன்று முறை சரியாகச் சொன்னால் அந்தக் காய் தேறியது. சீட்டைக் கிழித்துவிட்டுச் சமைக்கலாம். தேறாத காய் மேஜையிலேயே இருக்க வேண்டும்.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் முதல் நாளே தேறிவிட்டன. உருளைக்கிழங்கு அங்கே 'பட்டாட்டா'. அது தேறாவிட்டால்தான் ஆச்சரியம். கேரட் உதைத்தது. 'த்ஸுன்னரீயா' என்று ஆரம்பிக்கும்போதே தும்மல் வந்துவிடும். திராட்சைக்கு எழுதும்போது முன்னால் இரண்டு எழுத்து நிற்கும், படிக்கும்போது அவற்றுக்குச் சத்தமே கிடையாது. 'ஏனெப்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். இது மட்டும் அவருக்கு உடனே விளங்கியது. பதிவேட்டில் பெயர் இருக்கும், இருக்கையில் ஆள் இருக்காது. அவர் பிரிவில் அப்படி ஐந்து பேர் இருந்தார்கள்.

"ஐயா, இந்த முட்டைக்கோஸ் பாஸா ஃபெயிலா?" என்று சமையலம்மா கத்தியோடு வந்து நிற்பார். "நாலு நாளாச்சு. இலை மஞ்சளா போவுது."

"இரும்மா. க... கபோ..."

"கபோச்சா."

"நீ எதுக்கு சொல்றே? நான் சொல்லணும்."

"நீங்க சொல்ற வரைக்கும் அது இருக்கணுமே ஐயா."

அந்த வாரம் முழுக்க வெங்காயமும் உருளைக்கிழங்குமாகவே சாப்பிட்டார். கத்திரிக்காய் சுருங்கிப்போய், சீட்டு மட்டும் புத்தம்புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தது. சமையலம்மாவுக்கோ வெட்டுவதற்கு அனுமதி கேட்டுக் கேட்டே அத்தனையும் மனப்பாடம். பாத்திரம் தேய்க்கும்போது "லரின்ஜா, லுமீயா" என்று அவர் முணுமுணுப்பது கூடத்தில் கேட்கும். சூப்பிரண்டு கேட்காத மாதிரி இருந்துகொள்வார். பத்து மணிக்கு அந்த அம்மா போனபிறகு, மேஜைக்கெதிரே உட்கார்ந்து காய்களோடு பேசுவார். கேள்வி கேட்பதும் அவர், பதில் சொல்வதும் அவர். தப்பாகச் சொன்னால் சிரிக்கவும் ஆள் இல்லை.

இவ்வளவு பெரிய காரியத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்க அவரால் முடியவில்லை. ஓய்வுபெற்றோர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்திலேயே ஒரு தாள் ஏறியது: 'மால்டீஸ் மொழியும் அதன் மாண்பும்: ஓர் ஆய்வுரை.' ஆய்வாளர் பெயருக்குக் கீழே பழைய பதவி. 'ஓய்வு' என்று போட இடம் போதவில்லையாம்.

ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் பிஸ்கட்டுக்காக, ஒருவர் மின்விசிறிக்காக. தேநீர் ஊற்றித் தர சமையலம்மாவை அழைத்து வந்திருந்தார் சூப்பிரண்டு. மொழியின் தொன்மை, கடல் வாணிபம், எழுத்தின் கம்பீரம் என்று அரை மணி நேரம் பேசினார். எதுவும் தப்பில்லை, எந்த மொழியைப் பற்றியும் அப்படிப் பேசலாம்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் இருந்தார். முகவரி சரியில்லாத தபாலை முகர்ந்தே கண்டுபிடிக்கிற மனிதர்.

"எல்லாம் சரி சூப்பிரண்டு சார். ரெண்டு வரி அதுல பேசிக் காட்டுங்களேன். 'நல்லா இருக்கீங்களா'ன்னு எப்படிக் கேப்பாங்க?"

அது மூன்றாம் பாடம். சூப்பிரண்டு தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"பேச்சு என்ன பெரிய பேச்சு! ஒரு கவிதையே சொல்றேன்" என்றார்.

பிறகு கையை நீட்டி, கண்ணை மூடி, கணீரென்று தொடங்கினார்.

"பஸ்லா, பட்டாட்டா... தடாமா, ஓ தடாமா! கபோச்சா, பிரிஞ்சீலா... லுமீயா... லுமீயா..."

பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது.

"அர்த்தம்?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"கடற்கரைல ஒரு கிழவன் நிக்கறான். 'அலையே, கப்பலே... என் பிள்ளையைக் கொண்டுபோனியே. திரும்பக் கொண்டு வா'ங்கறான். 'ஒரு தடவை கொண்டு வா'ங்கறான். அதான் ரெண்டு தடவை..." மேலே சொல்ல வரவில்லை. கண்ணாடிக்கடியில் ஈரம் இறங்கியது. பொய்யை எடுத்துவிட வாயைத் திறந்தால் அது எப்படி இப்படி வந்து சேர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். மின்விசிறிக்காக வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போஸ்ட்மாஸ்டர்கூட "உருக்கமா இருக்கு சார்" என்றார். மூலையில் தேநீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்த சமையலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது தெரு முனைவரை சமையலம்மா முந்தானையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"அழுகை நல்லா வந்துச்சு ஐயா" என்றார் சமையலம்மா கடைசியில்.

"ம்."

"ஆனா கவிதைல பூண்டை விட்டுட்டீங்க."

அந்த ஞாயிறு சமையலம்மா தானாகவே மூன்று மணிக்கு வந்தார். "உங்க பரீட்சையைப் பார்க்க வந்தேன்" என்று அடுப்படி வாசலில் நின்றுகொண்டார். மேஜைமேல் காய்களும் பழங்களும் வரிசையாக இருந்தன. சூப்பிரண்டு எதிரே உட்கார்ந்தார். இன்றைக்கும் பதினோரு விநாடிதான் என்றால் இந்த மேஜையோடு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

போன் அடித்தது. மகன் முகம், பிறகு கூரை, பிறகு பேத்தியின் ஒரு கண். சூப்பிரண்டு 'கண்ணு'வை விழுங்கிக்கொண்டு ஆப்பிளைத் தூக்கினார்.

"துஃபீஹா."

ஓடக் கிளம்பின கால் நின்றது. பேத்தி ஆப்பிளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"லுமீயா?" என்று கேட்டாள்.

சூப்பிரண்டு எலுமிச்சையைத் தூக்கிக் காட்டினார். திரைக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கை நீண்டு அதை வாங்கிக்கொண்ட மாதிரி மூடி, மடியில் வைத்துக்கொண்டது. அடுத்து தக்காளி கேட்டாள். கொடுத்தார். கத்திரிக்காயைப் பார்த்து மூக்கைச் சுளித்து "லெ!" என்றாள். மொழியே தெரியாதவனுக்கும் அது வேண்டாம் என்றுதான் அர்த்தம். அந்தக் கத்திரிக்காயை யார்தான் வாங்குவார்கள்?

"தெவ்ம்?"

சூப்பிரண்டுக்குச் சட்டென்று மூளை நின்றது. தெவ்ம், தெவ்ம். வரிசையைத் துழாவினார். எலுமிச்சை உருண்டு கீழே விழுந்தது. பேத்தியின் கண் பக்கவாட்டில் போக ஆரம்பித்தது. அவளை அவருக்குத் தெரியும், அடுத்தது மேஜைக்கடிதான். அப்போது அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் படிந்த கை ஒன்று நீண்டு, முழுப் பூண்டு ஒன்றைத் திரைக்கு நேரே பிடித்தது. தலை இல்லாமல் வந்த கையைக் கண்டு பேத்தி கெக்கெக்கென்று சிரித்தாள். இன்னொரு தடவை கேட்டாள். கை இன்னொரு தடவை வந்தது.

கடைசியாக 'ரும்மீன்' கேட்டாள். மாதுளை. வாங்கவில்லை. சூப்பிரண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டிவிட்டு, மடியில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடினாள். பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

மகன் திரைக்குள் வந்தான். ஏதோ சொல்லத் தயங்குகிற முகம்.

"அப்பா... தப்பா நினைக்காதீங்க. எங்க தெருவுக்கு வண்டில காய் கொண்டு வர்ற ஒருத்தர் உண்டு. உங்களையும் அந்த மாதிரிதான்னு நினைச்சிட்டா. 'போன்ல வர்ற காய்கறிக்காரர் நல்லவரு'ன்னு அவங்கம்மாகிட்ட சொல்லிட்டிருக்கா. தாத்தான்னு நான் சொல்லிடறேன், இருங்க."

அடுப்படி வாசலில் சமையலம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். வெறும் 'சார்' என்றாலே திரும்பாத மனிதர். முப்பத்துநான்கு வருஷத்தில் ஒரு வரைவைக்கூடச் சிவப்பு மசி படாமல் அனுப்பியதில்லை.

"வேண்டாம்" என்றார் சூப்பிரண்டு.

"என்னப்பா?"

"திருத்தாதே. இருக்கட்டும். தாத்தான்னா ஓடிடுவா." கத்திரிக்காயைப் பின்வரிசைக்குத் தள்ளினார். "அடுத்த வாரம் மாதுளை வரும்னு சொல்லு."

போன் அணைந்ததும் வீடு பழையபடி ஆனது. சமையலம்மா கீழே கிடந்த எலுமிச்சையை எடுத்து வைத்துவிட்டு, "வரேன் ஐயா" என்று கிளம்பினார். நாலு நாற்காலியும் அங்கேயே இருந்தன. ஃபிரிட்ஜ் உறுமியது. அவர் பதில் சொல்லவில்லை.

மறுநாள் பூங்காவில் போஸ்ட்மாஸ்டர் பிடித்துக்கொண்டார். "பேத்தி கூப்பிட்டாளா சார்?"

"கூப்பிட்டாளே" என்றார் சூப்பிரண்டு. என்னவென்று கூப்பிட்டாள் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

வழியில் பழவண்டி நின்றது. "வா பெருசு, என்ன வேணும்?" என்றான் வண்டிக்காரன். வேறு நாளாக இருந்தால் அவன் பரம்பரைக்கே ஒரு விளக்கக் கடிதம் போயிருக்கும்.

"மாதுளை" என்றார். நல்லதாக மூன்று பொறுக்கிவிட்டும் நகரவில்லை. வண்டியைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். "ஏம்ப்பா, ஒண்ணை மட்டும் ஏன் உடைச்சு மேல வெச்சிருக்கே?"

"முத்து கண்ணுல படணும்ல பெருசு. மூடி வெச்சா எவன் நிப்பான்? போற ஆளு போய்க்கிட்டே இருப்பான்."

"வாஸ்தவம்" என்றார் சூப்பிரண்டு. சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மேஜையைத் துடைத்தார். சுருங்கிய கத்திரிக்காயைக் குப்பையில் போட்டார். போன் நிற்கிற செம்பை ஒரு சாண் பின்னால் தள்ளி, மாதுளைகளை முன்வரிசையில் வைத்து, எதிர் நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்தார். எழுந்து வந்து ஒன்றைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். திரும்பவும் போய் உட்கார்ந்தார். உடைப்பதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.