எட்னா ஹாஸ்லருக்குப் பத்து ‘இல்லை’

பாம்புக்குப் பல் பார்க்கிறவர், யானைக்கு நகம் வெட்டுகிறவர் என்று நாடெங்கும் தேடிப் பிடித்து நியூயார்க்குக்கு ரயிலேற்றிக் கொண்டுவருவது என் வேலை. டெலிவிஷனில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து அவர்களுடைய கையைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். ‘ஆமாம்’, ‘இல்லை’ தவிர விருந்தாளி வேறெதுவும் பேசக்கூடாது. பத்து ‘இல்லை’ விழுவதற்குள் தொழிலைக் கண்டுபிடித்துவிட்டால் மணி அடித்துவிடும், ஆள் நடையைக் கட்ட வேண்டியதுதான். பத்தும் விழுந்தால் மட்டும் ஒரு நிமிடம் பேசலாம். நிகழ்ச்சிக்குப் பணம் போடும் சோப்புக் கம்பெனியின் சட்டம் அது. மகா கஞ்சர்கள்.

1953 ஏப்ரலில் பென்சில்வேனியாவிலிருந்து எட்னா ஹாஸ்லர் வந்தார். சர்ச் கோபுர உச்சியில் ஏறிச் சிலுவைக்கு வர்ணம் பூசுகிறவர். மேக்கப் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸ் கீகன், அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைச்சே ஆகணும்.”

“எதுக்குங்க?”

“ஜனவரில என் வீட்டுக்காரர் எமில் போயிட்டாரு. இத்தனை வருஷமும் அவர்தான் ஏறுனாருன்னு ஊரே நெனைச்சுக்கிட்டு இருக்கு. அவருக்கு முட்டி போய் ஒன்பது வருஷமாச்சு. ஏறுனது நான். சொன்னா, பாவம், துக்கத்துல பேத்துதுன்னு பாஸ்டர் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்து குடுத்துட்டுப் போறாரு. நாளைக்குக் கோபுர வேலையை பிட்ஸ்பர்க்காரங்களுக்குக் குடுக்கப்போறாங்க. பாஸ்டர் ஒரு ஞாயிறுகூட உங்க நிகழ்ச்சியைத் தவறவிட மாட்டாரு.”

“இதையெல்லாம் லெட்டர்லயே எழுதியிருக்கலாம்ல?”

“எழுதியிருந்தா கூப்பிட்டிருப்பீங்களா?”

கூப்பிட்டிருக்க மாட்டேன்தான். அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது. குழுவில் பத்திரிகைக்காரி மிஸ் வான்ஸ் இருக்கிறாள். பார்த்த மாத்திரத்தில் ஆளைக் கணித்துவிடும் ராட்சசி. எட்னாவின் கைகளோ காய்த்துப்போய், வெடிப்பு விட்டுக் கிடந்தன. வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டேன். மேடையில் அதைக் கழற்றச் சொன்னதுதான் மிஸ் வான்ஸின் முதல் வேலை.



“கையா இது, ரம்பமா?” என்றார் நகைச்சுவைக்காரர் மோர்ட்டி. “துணி துவைக்கிறீங்களா?”

“இல்லை.”

பால் கறக்கிறீர்களா, ரொட்டி சுடுகிறீர்களா, கோழி உரிக்கிறீர்களா என்று நால்வரும் மாறிமாறிக் கேட்டார்கள். ஒன்பது ‘இல்லை’ விழுந்துவிட்டது. மிஸ் வான்ஸ் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“உங்க வேலைக்கும் சர்ச்சுக்கும் சம்பந்தம் உண்டா?”

“ஆமாம்.”

திரைக்குப் பின்னால் நின்ற நான் அவளை மனதாரச் சபித்தேன். அவள் மறுபடி எட்னாவின் கையைப் பார்த்தாள், பிறகு புன்னகைத்தாள்.

“சர்ச் சமையலறையில பாத்திரம் தேய்க்கிறீங்க.”

“இல்லை.”

அவ்வளவு புத்திசாலிக்கும் ஒரு பெண்ணின் கை காய்ப்பதற்கு அடுப்படியைத் தாண்டி வேறு காரணம் தோன்றவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

எட்னா நேராகக் காமிராவைப் பார்த்துப் பேசினார்.

“பாஸ்டர் ஃபோகல், கீழ நின்னு எமிலுக்காக ஜெபம் பண்ணுவீங்களே, அப்ப அவர் மணிக்கூண்டுக்குள்ள கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. தொப்பி போட்டுக்கிட்டு மேல தொங்கிக்கிட்டு இருந்தது நான். சிலுவைக்குப் பின்பக்கம், கீழ்மூலையில ஒரு விரிசல் இருக்கு. பிட்ஸ்பர்க்காரங்ககிட்ட சொல்லிடுங்க, அதுல காலை வச்சுடப்போறாங்க.”

அவருடைய நிமிடத்தில் பாதி இன்னும் மிச்சமிருந்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. வேலையைக் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தார்?

கால் மணி நேரத்தில் ஃபோன் வந்தது. எட்னா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தார். பாஸ்டரின் குரல் எனக்கும் கேட்டது.

“எட்னா, ஒன்பது வருஷமா தப்பான ஆளுக்கு ஜெபம் பண்ணியிருக்கேன். அப்பவும் நீ விழல.”

“விழலை, பாஸ்டர்.”

“அடுத்த மாசம் ஏறுவியா?”



“ஏறுவேன். ஆனா கயிறு பிடிக்க இப்ப ஆளில்லையே.”

“நான் பிடிக்கிறேன். ஜெபத்தை வேற யாராவது பாத்துக்கட்டும்.”